நீல் ஆடம்ஸ் அட்டைப்படம் வாங்கப் போகிறீர்களா?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அட்டைகள் பற்றி இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் நீல் ஆடம்ஸ் என்ற ஒரே ஓவியரைச் சுற்றியே இருக்கின்றன. அதில் வியப்பில்லை. 1941இல் நியூயார்க்கில் பிறந்த அவர் விளம்பரப் படங்களிலும் நாளிதழ்ப் படக்கதையிலும் கை பழகி, 1967 வாக்கில், பேட்மேன், சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டி.சி. நிறுவனத்துக்கு வந்தார். தொலைக்காட்சித் தொடரால் கோமாளியாகிப் போயிருந்த பேட்மேனை மறுபடியும் இருட்டுக்குள் நடக்கவைத்த கைகளில் அவருடையது முக்கியமானது. 2022 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதன் பிறகு அவர் பெயரில் விற்பனைக்கு வரும் பொருள்கள் பெருகிவிட்டன. எல்லாமே அவர் கை பட்டவை அல்ல.

கேள்வி: ‘பேட்மேன் 251ஆம் இதழ், 1973, அசல், புத்தம் புதிது போன்ற நிலை’ என்று இணையத்தில் ஒருவர் 1,800 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். ஜோக்கர் கையில் பெரிய சீட்டு, சீட்டில் கட்டுண்ட பேட்மேன். பல வருடங்களாக ஆசைப்பட்ட படம். வாங்கலாமா?

வாங்கலாம், 1973ஆம் ஆண்டு இதழ் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். அந்த இதழின் பழைய பிரதி சுமாரான நிலையில் இருந்தாலே பல நூறு டாலர் கேட்கிறார்கள். 1,800 ரூபாய்க்குப் புதிது போல ஒன்று கிடைக்கிறது என்றால், அது டி.சி. நிறுவனமே பின்னாளில் வெளியிட்ட நகல் பதிப்பாகத்தான் இருக்கும். அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. அதை அசல் என்று விற்பதுதான் மோசடி.

கண்டுபிடிப்பது கடினமல்ல. 1973இல் காமிக்ஸ் அட்டைகளில் பார்கோடு கிடையாது. அது 1976 வாக்கில்தான் வந்தது. எனவே முன்னட்டை, பின்னட்டை இரண்டின் படத்தையும் கேளுங்கள். பழைய இதழின் அட்டை விலை 20 சென்ட். உள்ளே பதிப்பு விவரம் பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நகல் பதிப்பு என்றால் அங்கே சொல்லியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பழைய விளம்பரங்களைக் காட்டி, ‘பாருங்கள், 1973 விளம்பரம்’ என்று விற்பவர் சொன்னால் மயங்கிவிடாதீர்கள். நகல் பதிப்பில் விளம்பரங்களையும் அப்படியே அச்சிடுகிறார்கள். தாள் பொய் சொல்லாது: அரை நூற்றாண்டு கடந்த செய்தித்தாள் காகிதம் ஓரங்களில் பழுப்பேறாமல் இருப்பது அபூர்வம்.

என்னைக் கேட்டால், படத்தைப் பார்த்து ரசிக்கத்தான் வேண்டும் என்பவருக்கு நகல் பதிப்பே சிறந்த கொள்முதல். டென்னிஸ் ஓ’நீல் எழுதிய அந்தக் கதையும் முழுதாகக் கிடைக்கும். புரட்டினால் கிழிந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் அதன் அட்டை விலை சில டாலர்கள்தான். 1,800 ரூபாய் கொஞ்சம் அதிகம். பேரம் பேசுங்கள்.

கேள்வி: ஆடம்ஸ் வரைந்த சூப்பர்மேன் அட்டைக்காக ஒரு பழைய இதழ் வாங்கினேன். உள்ளே படங்கள் அவர் பாணியில் இல்லவே இல்லை. அட்டையை மாற்றி ஒட்டி ஏமாற்றிவிட்டார்களா?

சங்கிலிகளை உடைத்துக்கொண்டு சூப்பர்மேன் நிற்கும் 233ஆம் இதழா, 1971 ஜனவரி? அப்படியானால் யாரும் ஏமாற்றவில்லை. அந்த இதழின் அட்டை மட்டுமே ஆடம்ஸ்; உள்ளே வரைந்தவர் கர்ட் ஸ்வான். 1939ஆம் ஆண்டின் பழைய பேட்மேன் அட்டை ஒன்றுக்கு மரியாதை செய்து ஆடம்ஸ் வரைந்த பேட்மேன் 227ஆம் இதழும் இப்படித்தான். உள்ளே இர்வ் நோவிக். கடைத்தட்டில் வாங்குபவரின் கண்ணைப் பிடிக்க வேண்டியது அட்டை. அதனால் நிறுவனம் தன் சிறந்த கையை அட்டைகளில் தாராளமாகப் பயன்படுத்தியது. உள்பக்கங்களும் அவருடையதாக வேண்டுமென்றால் மேலே சொன்ன 251, அல்லது 1970இல் தொடங்கிய பச்சை விளக்கு – பச்சை அம்பு (கிரீன் லான்டர்ன் – கிரீன் ஆரோ) கதைவரிசை.

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆடம்ஸின் ‘மூல அட்டை ஓவியம்’ இருக்கிறதாம். நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார். சான்றிதழும் தருகிறார். படத்தை அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படம் முழு வண்ணத்தில், அச்சிட்ட இதழின் அளவிலேயே இருக்கிறது. இந்த இரண்டுமே என்னைத் தயங்க வைக்கின்றன.

அக்காலத்து மூல ஓவியம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். 1968 வாக்கிலிருந்து அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் ஏறத்தாழ 10க்கு 15 அங்குலப் பரப்பில் தடித்த வரைபலகைத் தாளில் வரைந்தார்கள். அதற்கு முன் இன்னும் பெரிது, ஏறக்குறைய 12க்கு 18. அச்சுக்குப் போகும்போது சிறிதாக்கப்படும். மூலம் கறுப்பு மையில்தான் இருக்கும். வண்ணம் அதன்மேல் பூசப்படுவதில்லை. அச்சகத்துக்கு வழிகாட்டியாக ஒரு சிறிய நகலின்மேல் நீர்வண்ணம் தீட்டித் தனியே அனுப்புவார்கள். ஆகவே பளபளக்கும் வண்ணத்தில் ‘மூலம்’ என்று ஒன்று வந்தால், அது பெரும்பாலும் அச்சுப் பிரதி, அல்லது பிற்காலத்தில் யாரோ மறுபடி வரைந்தது.

உண்மையான மூலத்தில் அழகு குறைவாகவும் அழுக்கு அதிகமாகவும் இருக்கும். இதழின் தலைப்பு எழுத்துகள் தனியே ஒட்டப்பட்டிருக்கும், பசை காய்ந்து மஞ்சள் கறை படிந்திருக்கும், பல நேரம் தலைப்பே விழுந்துபோய்ப் புதிதாக ஒட்டியிருப்பார்கள். இதை நல்ல விற்பனையாளர் தாமாகவே சொல்வார். கேமராவில் பதியாத வெளிர்நீலப் பென்சிலில் குறிப்புகள் கிடக்கும். பிழையை மறைக்கப் பூசிய வெள்ளை, விரலால் தொட்டால் மேடாகத் தெரியும் (தொடாதீர்கள், கண்ணால் பாருங்கள்). தாளைச் சாய்த்து ஒரு பக்க வெளிச்சத்தில் பிடித்தால், தூரிகை அழுந்திய இடத்தில் மை கெட்டியாகவும் காய்ந்த இடத்தில் மங்கலாகவும் இருப்பது தெரியும். அச்சிலும் போட்டோஸ்டாட்டிலும் (கேமரா வழியே எடுத்த நகல்) கறுப்பு ஒரே சீராகக் கிடக்கும். போட்டோஸ்டாட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன்: பதிப்பகங்களே அந்நாளில் அட்டைகளை அப்படிப் பெரிய அளவில் நகலெடுத்துப் பயன்படுத்தின. பழைய தாள், பழைய வாசனை, உண்மையான அலுவலக முத்திரை எல்லாம் அதில் இருக்கும். ஓவியரின் கை மட்டும் பட்டிருக்காது. நேர்மையாகச் சொல்லி விற்றால் அதுவும் சேகரிக்கத் தகுந்ததே, ஆனால் நான்கு லட்சத்துக்கு அல்ல.

இன்னொரு வகையும் உண்டு. ரசிகர் கேட்டதற்காகப் புகழ்பெற்ற தம் அட்டைகளைப் பிற்காலத்தில் ஆடம்ஸே மறுபடி வரைந்து கொடுத்திருக்கிறார். அது அவர் கைதான், மதிப்பும் உண்டு. ஆனால் 1973இல் அச்சகத்துக்குப் போன தாளும் பல வருடம் கழித்து அதைப் பார்த்து வரைந்த தாளும் சந்தையில் ஒன்றல்ல. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: இது அச்சுக்குப் போன மூலமா, அவரே மறுபடி வரைந்ததா, போட்டோஸ்டாட்டா, அச்சுப் பிரதியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லத் தயங்காதவர்கள்கூட எழுதித் தரத் தயங்குவார்கள்.

சான்றிதழ் என்கிறீர்கள். யார் கொடுத்தது? விற்பவரே தம் கணினியில் அச்சடித்துக் கொடுத்த சான்றிதழுக்கு அந்தத் தாளின் விலை மட்டுமே. எனக்கு வேண்டியது வந்த வழி: யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஏலத்தில், எந்த வருடம். இங்கே ஆடம்ஸின் வாழ்க்கையே உதவிக்கு வருகிறது. அவர் வந்த காலத்தில் ஓவியருக்கு மூலத்தைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. பதிப்பகம் வைத்துக்கொள்ளும், விருந்தாளிகளுக்குக் கொடுக்கும், வெட்டிக் குப்பையிலும் போடும். அதை எதிர்த்து உரக்கக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். 1970களின் நடுவில்தான் பெரிய நிறுவனங்கள் மூலங்களைத் திருப்பித் தரத் தொடங்கின. சூப்பர்மேனை உருவாக்கிய சீகல், ஷஸ்டர் இருவருக்கும் 1975இல் ஓய்வூதியமும் பெயருக்கு உரிய இடமும் கிடைக்கப் போராடியவரும் இவரே. ஆகவே 1970ஐ ஒட்டிய ஒரு மூலத்தின் வழித்தடத்தில் இடைவெளி இருப்பது இயல்பு. முழுக்க இடைவெளியாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

விலையையும் பாருங்கள். பச்சை விளக்கு 76ஆம் இதழின் மூல அட்டை 2015இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 4,42,150 டாலருக்குப் போனது. பேட்மேன் 251இன் மூல அட்டை 2019இல் அங்கேயே 6 லட்சம் டாலர். எல்லா அட்டையும் அந்த உயரத்துக்குப் போகாது என்றாலும், ஆடம்ஸின் சூப்பர்ஹீரோ அட்டை மூலம் ஒன்று நான்கு லட்சம் ரூபாய்க்குக் கை மாறும் என்பதை நான் நம்பவில்லை. விட்டுவிடுங்கள்.

கேள்வி: அந்த ஏல விலைகளைப் பார்த்தால் நிலத்தைவிட நல்ல முதலீடு போலத் தெரிகிறதே?

செய்தியில் வருவது ஏலத்தின் உச்சி மட்டும். சொல்லப்படும் விலையில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் அடங்கியிருக்கும். அது 20 சதவீதமோ அதற்கு மேலுமோகூட இருக்கலாம். விற்பவர் கைக்கு அவ்வளவும் போவதில்லை. இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம், வரி எல்லாம் உண்டு. விற்க நினைக்கும் நாளில் மறுபடி அமெரிக்காவுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அசல் மூலங்கள் வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு என் ஆலோசனை தேவையில்லை. மற்றவர்கள் சுவரில் மாட்டிப் பார்க்கப் பிடித்ததை, திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்ற தொகைக்கு வாங்குங்கள்.

கேள்வி: இதழ்களைத் தரம் பிரித்துச் சான்றளிக்கும் சி.ஜி.சி. நிறுவனத்தின் பெட்டியில் அடைத்து, மஞ்சள் சீட்டோடு ஆடம்ஸ் கையெழுத்திட்ட இதழ் வருகிறது. பெட்டியில் இருந்தால் நம்பலாம் அல்லவா?

பெரும்பாலும். மஞ்சள் சீட்டு என்றால் நிறுவனத்தின் சாட்சி முன்னிலையில் கையெழுத்தானது என்று பொருள். வேறு நிறச் சீட்டுகளும் உண்டு. ஊதா என்றால் இதழ் பழுது பார்க்கப்பட்டது, விலை வெகுவாகக் குறைய வேண்டும். ஆனால் பெட்டிக்குள் இதழை மாற்றி வைக்கும் மோசடி நடந்திருப்பதை 2023 இறுதியில் வெளியான ஒரு விவகாரம் காட்டிவிட்டது. பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற சான்றெண்களின் பட்டியலை நிறுவனமே வெளியிட்டது. எனவே பெட்டியின் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டி, அங்குள்ள விவரத்தையும், படம் இருந்தால் அதையும், உங்கள் கையில் வரப்போகும் இதழோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் விளிம்பில் கீறல், விரிசல், பிசின் தடயம் இருந்தால் வேண்டாம். பெட்டியில் இல்லாமல் வெறுமனே கையெழுத்திட்டது என்று வரும் இதழுக்குக் கையெழுத்து இல்லாத இதழின் விலையைத்தான் கொடுங்கள்.

கேள்வி: சென்னையில் கடலோரம் வீடு. பழைய இதழ் வீணாகாமல் லேமினேட் செய்துவிடலாமா?

தயவு செய்து வேண்டாம். லேமினேட் செய்த நிமிடமே அது சேகரிப்புப் பொருள் என்ற தகுதியை இழக்கிறது. திரும்பப் பிரிக்கவும் முடியாது. பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, உலர்ந்த அலமாரி, வெளிச்சுவரைத் தொடாத இடம். மலிவான பி.வி.சி. உறை காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஸ்டேப்பிள் துரு பிடிப்பதுதான் கடலோரத்தின் முதல் எதிரி, பிறகு வெள்ளிப்பூச்சி. சுவரில் மாட்ட ஆசையென்றால் நகல் பதிப்பை மாட்டுங்கள். அசலை வெயில் படும் சுவரில் மாட்டினால் முதலில் வெளிறுவது சிவப்பும் மஞ்சளும்.

கேள்வி: ஏற்கெனவே ஏமாந்துவிட்டேன். அசல் என்று சொல்லி நகல் பதிப்பை அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

விற்பனை அறிவிப்பு மறைவதற்கு முன் அதைப் படமெடுத்துவிடுங்கள். பிறகு தளத்தின் வழியாகவே, அவர்கள் சொல்லும் காலக்கெடுவுக்குள், ‘விவரித்தபடி இல்லை’ என்று புகார் செய்யுங்கள். தனியே வாட்ஸ்அப்பில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் அழைப்பது காலக்கெடுவைக் கடத்தத்தான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரலாம். யூ.பி.ஐ.யில் நேராகப் போன பணத்தை மீட்பது கடினம். மோசடி என்று தெரிந்த உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

விற்பவர் இந்தியாவில் இருக்கும் வியாபாரி என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. ஒரே ஒரு சிக்கல்: மறுவிற்பனைக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ‘லாபத்துக்கு விற்கலாம் என்று நினைத்து வாங்கினேன்’ என்று புகாரில் பெருமையாக எழுதிய ஒரு கடிதம் என் முன்னால் இருக்கிறது. அவருடைய வழக்கை எதிர்த்தரப்பு வாதாட வேண்டியதே இல்லை. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இந்த வழிகளெல்லாம் ஏட்டளவில்தான் பயன்படும். தளத்தின் புகார் முறையும் வங்கியும்தான் கதி.

கேள்வி: ஆடம்ஸ் கையெழுத்திட்ட பேட்மேன் அச்சுப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்து டி-ஷர்ட் அடித்து விற்கலாமா?

முடியாது. நீங்கள் வாங்கியது தாளை மட்டும். படத்தின் பதிப்புரிமையும் பேட்மேன் என்ற பாத்திரமும் நிறுவனத்துடையவை. மூல ஓவியமே உங்களிடம் இருந்தாலும் இதே பதில்தான்.