பிரெமர் போய்விட்டார், அவர் போட்ட கட்டளை?

கேள்வி: புறக்கோட்டையிலிருந்து ஈராக்குக்குத் தேயிலை அனுப்புகிறோம். பக்தாத்தில் முழுக்க எங்கள் பெயரிலேயே ஒரு கம்பனி பதிய யோசனை. தரகர் ‘கட்டளை 39’ என்றொரு கடதாசியைக் காட்டி, வெளிநாட்டவர் நூறு வீதப் பங்கும் வைத்திருக்கலாம் என்கிறார். அமெரிக்கர் போட்ட சட்டம் இப்போதும் செல்லுமா?

பதில்: அந்தக் கடதாசியை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதற்காக, ‘அமெரிக்கர் போட்டது, ஆகவே செல்லாது’ என்றும் நினைக்க வேண்டாம். காரணம் வேறு.

கடதாசியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: 2003இல் ஈராக்கைப் பிடித்த பின் அமெரிக்கா அங்கே வைத்த நிர்வாகி போல் பிரெமரின் கையெழுத்து, 2003 செப்டம்பர் திகதி. எண்ணெய் போன்ற இயற்கை வளங்கள், வங்கி, காப்புறுதி தவிர, மற்றத் துறைகளை வெளிநாட்டு முதலீட்டுக்கு அவர் ஒரே கட்டளையில் திறந்துவிட்டார். நாட்டைப் பிடித்தவர், தவிர்க்கவே முடியாத நிலை இருந்தாலொழிய, அங்குள்ள சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது போர் பற்றிய சர்வதேசச் சட்டமான 1907 ஹேக் ஒழுங்குவிதியின் 43ஆம் பிரிவு. பிரெமர் அந்த எல்லையைத் தாண்டினார் என்பதே என் எண்ணம். ஆனால் பதிவாளரிடம் போய் அதை வாதாடிப் பயனில்லை. 2004 ஜூன் 28இல் அவருடைய நிர்வாகம் கலைந்தது, கட்டளைகள் கலையவில்லை. இருக்கும் சட்டங்கள் நீக்கப்படும் வரை அல்லது திருத்தப்படும் வரை தொடரும் என்று ஈராக்கின் 2005 அரசியலமைப்பின் 130ஆம் உறுப்புரை சொல்கிறது.

இது நமக்குப் புதிதா என்ன? ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கிய, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் (ஹல்ஸ்டோர்ப்), ஒல்லாந்தர் 1796இல் கொழும்பை விட்ட பிறகும் அவர்கள் சட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலேயர் 1799 பிரகடனத்தில் அதை அப்படியே தொடரவிட்டார்கள்.

சரி, உங்கள் விடயம். கட்டளை 39இன் இடத்துக்கு 2006ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முதலீட்டுச் சட்டம் வந்துவிட்டது. தரகர் காட்டுவது காலாவதியான கடதாசி. சாதாரண வரையறுத்த கம்பனி என்றால், 2019இல் வந்த கம்பனிச் சட்டத் திருத்தப்படி வெளிநாட்டவருக்கு 49 வீதம்தான். அங்கேயே தேயிலை பொதி செய்யும் ஆலை போடுவதாக இருந்தால் முதலீட்டு உரிமம் கேட்டுப் பார்க்கலாம், அது தனிக் கணக்கு. பிரெமர் காலத்து 15 வீத வருமான வரி உச்சவரம்பு மட்டும் இன்றும் கம்பனிகளின் பொது வரி வீதமாக நிற்கிறது. எண்ணெய்க் கம்பனிகளுக்கு 35.

தரகரிடம் அந்த 2019 திருத்தம் வந்த ஈராக்கிய வர்த்தமானியின் அரபுப் பிரதியைக் கேளுங்கள். இங்கே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாசித்த பிறகு பக்தாத் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். அப்புறம், ‘மீதி 51 வீதத்துக்குப் பெயருக்கு ஈராக்கியர் ஒருவரைப் போடுவோம்’ என்று தரகர் சொன்னால் தலையாட்டாதீர்கள். நாளை மனஸ்தாபம் வந்தால் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர்தான்.