மூன்றுக்குப் பூஜ்யத்திலிருந்து மீள்வது: ஸ்டான்லி கோப்பைக் கணக்குகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொராண்டோவுக்கு வந்தபிறகு ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகியவன் நான். வட அமெரிக்க ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பைக்கான 2024 இறுதித் தொடரில் (ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவருக்குக் கோப்பை) எட்மண்டன் ஃபுளோரிடாவிடம் 0-3 என்று பின்தங்கியபோது, 1942க்குப் பிறகு இறுதித் தொடரில் இப்படி மீண்டவர்கள் யாருமில்லை என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எட்மண்டன் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்றதும், ‘உத்வேகம் இனி அவர்கள் பக்கம்’ என்றார்கள். ஏழாவது ஆட்டத்துக்கு முன்பு, ‘சொந்த மைதானத்தில் ஆடுபவர்களே பெரும்பாலும் ஜெயிப்பார்கள்’ என்றார்கள். எல்லாமே பழைய முடிவுகளிலிருந்து எடுத்த கணக்குதான், ஆனால் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே! இந்த முன்னுதாரணங்களை எப்படி எடை போடுவது? நானே ஒரு அட்டவணை தயாரிக்க வேண்டுமென்றால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? கடைசியில் தோற்ற எட்மண்டனின் நட்சத்திரம் மெக்டேவிட்டுக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தது வழக்கத்தில் உள்ளதுதானா?

ரா.

அன்புள்ள ரா.,

முன்னுதாரணம் என்று அவர்கள் சொல்வதில் பாதி வெறும் கூட்டல் கழித்தல். அதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். சில சமயம் மிச்சமே இருக்காது.

அதற்கு ஒரு பூவா தலையா கணக்கு போதும். இரண்டு அணிகளும் சரிசமம், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 0-3 என்று பின்தங்கிய அணி நான்கையும் வெல்ல வேண்டும்: பதினாறில் ஒன்று, அதாவது 6.25 விழுக்காடு. 1-3 என்றால் எட்டில் ஒன்று. 2-3 என்றால் நான்கில் ஒன்று. 0-2 நிலையில் மீதி ஐந்து ஆட்டங்களும் நடப்பதாக எண்ணிக்கொண்டு, அதில் நான்கையோ ஐந்தையோ வெல்லும் வழிகளை எண்ணுங்கள். 32 வழிகளில் 6 தேறும், 18.75 விழுக்காடு. ‘முதல் இரண்டை வென்றவர்களே பெரும்பாலும் கோப்பையை எடுக்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால், நாணயமே ஐந்தில் நான்கு தடவை அப்படித்தான் சொல்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

இப்போது 0-3க்கு வருவோம். இறுதித் தொடர் ‘ஏழில் நான்கு’ முறைக்கு மாறியது 1939-ல். 2005-ல் கதவடைப்பால் சீசனே நடக்கவில்லை. ஆக 2025 வரை 86 தொடர்கள். அவற்றில் ஓர் அணி 3-0 என்று முன்னேறியது 29 தடவை. 20 தொடர்கள் நான்காவது ஆட்டத்திலேயே முடிந்தன. ஐந்தில் முடிந்தவை 5, ஆறில் முடிந்தது 1 (2012, லாஸ் ஏஞ்சலிஸ்). ஏழாவது ஆட்டம் வரை போனவை 3: 1942, 1945, 2024. கடைசிவரை மீண்டு வந்தது 1942-ல் டொராண்டோ மட்டும்.

நாணயக் கணக்குப்படி 29-ல் ஏழாவது ஆட்டத்துக்குப் போக வேண்டியவை 3.6, முழுதாக மீள வேண்டியவை 1.8. நடந்தது மூன்றும் ஒன்றும். ‘எண்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை’ என்று குரலை உயர்த்திச் சொல்வது நாணயம் சொல்வதை விட அதிகமாக எதையும் சொல்லவில்லை. நாணயத்தோடு ஒத்துப்போகாத இடம் வேறு. 29-ல் 14 அல்லது 15 நான்கிலேயே முடிந்திருக்க வேண்டும், 20 முடிந்திருக்கின்றன. 3-0 என்று முன்னேறிய அணி பெரும்பாலும் உண்மையிலேயே வலுவான அணி என்பது இங்கேதான் தெரிகிறது.

இதைக் காலவாரியாகப் பிரித்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. 1939 முதல் 1998 வரை 60 தொடர்கள். அவற்றில் 4-0 என்று முடிந்தவை 20. ஏழு ஆட்டம் போனவை 10. நாணயக் கணக்குப்படி முறையே 7.5, 18.75 வந்திருக்க வேண்டும். வலுவான அணி ஒவ்வோர் ஆட்டத்தையும் 70 முதல் 75 விழுக்காடு வாய்ப்போடு ஆடினால்தான் இந்த எண்கள் கிட்டத்தட்ட ஒத்துவருகின்றன. ஆறே அணிகள் ஆடிய காலம், மாண்ட்ரியல் 1956 முதல் 1960 வரை ஐந்து கோப்பைகளை வரிசையாக எடுத்த காலம், நியூயார்க் ஐலண்டர்ஸ் 1980 முதல் 1983 வரை நான்கு எடுத்த காலம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1995 முதல் 1998 வரை நான்கு இறுதித் தொடர்களும் 4-0.

1999 முதல் 2025 வரை 26 தொடர்கள். 4-0 ஒன்றுகூட இல்லை. ஏழு ஆட்டம் போனவை 8. நாணயம் சொல்வது 8.1. 3-0 முன்னிலை வந்ததே 2012, 2014, 2021, 2024 என்று நான்கு தடவைதான். 2005-06 சீசனில் வந்த சம்பள உச்சவரம்பு (ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான எல்லை) இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து, ஆனால் முழுக் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். உச்சவரம்பு வருவதற்கு முன்பே, 1999-லிருந்து, 4-0 நின்றுபோயிற்று. 26 என்பது சின்ன எண்ணிக்கை என்பதும் உண்மை. எப்படியானாலும் 1950-களின் முடிவுகளையும் இன்றைய முடிவுகளையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கி வரும் விழுக்காட்டை நாளை நடக்கப்போகும் ஆட்டத்துக்குப் பொருத்துவது சரியல்ல.

அடுத்து உத்வேகம். இறுதித் தொடரில் 1-3 நிலையிலிருந்து ஏழாவது ஆட்டத்தை வரவைத்த அணிகள் ஏழு: 1942 டொராண்டோ, 1945 டெட்ராய்ட், 1954 மாண்ட்ரியல், 1987 ஃபிலடெல்ஃபியா, 1994 வான்கூவர், 2006 எட்மண்டன், 2024 எட்மண்டன். ஏழில் வென்றது டொராண்டோ ஒன்றுதான். உத்வேகம் என்பது அப்படி ஒரு சக்தி என்றால் ஏழில் ஒன்றுதானா? ஆனால் உடனே எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம். இந்த ஏழில் ஐந்து அணிகள் கடைசி ஆட்டத்தை எதிரணியின் ஊரில் ஆடின. 1942-ல் டொராண்டோவும் 1945-ல் டெட்ராய்ட்டும் மட்டுமே சொந்த ஊரில். மைதானமும் உத்வேகமும் இப்படிப் பின்னிக்கிடக்கும்போது ஏழே ஆட்டங்களை வைத்து ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாது. எல்லாச் சுற்றுகளையும் சேர்த்தால் 0-3லிருந்து 3-3க்கு வந்த அணிகள் பத்து. அவற்றில் நான்கு வென்றன (1942 டொராண்டோ, 1975 ஐலண்டர்ஸ், 2010 ஃபிலடெல்ஃபியா, 2014 லாஸ் ஏஞ்சலிஸ்), ஆறு தோற்றன. மறுபடியும் நாணயம்தான். 2025-லும் பார்த்திருப்பீர்கள்: நான்காவது ஆட்டத்தில் 0-3 கோல் என்று பின்தங்கிய எட்மண்டன் ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 5-4 என்று வென்று தொடரைச் சமன் செய்தது. அடுத்த இரண்டையும் 2-5, 1-5 என்று இழந்தது.

1942-ல் நடந்ததை உத்வேகம் என்று சொல்வது பயிற்சியாளருக்குச் செய்யும் அநியாயம். மூன்று தோல்விக்குப் பிறகு டொராண்டோ பயிற்சியாளர் ஹாப் டே, அணியின் முன்னணி கோல் ஆட்டக்காரரான கார்டி டிரில்லனையே வெளியே உட்காரவைத்தார். பக்கோ மெக்டொனால்டையும் நீக்கினார். உள்ளே வந்த டான் மெட்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார், 9-3. எதிர்ப்பக்கம் டெட்ராய்ட் பயிற்சியாளர் ஜாக் ஆடம்ஸ் நான்காவது ஆட்டம் முடிந்ததும் நடுவரைத் தாக்கி, தடை வாங்கிக்கொண்டு வெளியேறினார். அணியில் யார் மாறினார்கள், யார் காயம், கோல்கீப்பர் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் முன்னுதாரணம் உதவும். 1945-ல் அதே இரு பயிற்சியாளர்கள், அதே இரு அணிகள், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறின. டொராண்டோ 3-0 என்று போய், டெட்ராய்ட் மூன்றை வென்று, கடைசியில் டொராண்டோ 2-1. ஏழு ஆட்டங்களில் இரு அணிகளும் ஆளுக்கு 9 கோல்!

சொந்த மைதானம் பற்றி. இறுதித் தொடரில் 2025 வரை 18 ஏழாவது ஆட்டங்கள். சொந்த ஊர்க்காரர்கள் 13, விருந்தாளிகள் 5 (1945, 1971, 2009, 2011, 2019). 72 விழுக்காடு என்று பெருமையாகப் போடுவார்கள். 2006 வரை 12-2, அதன்பின் 1-3. எங்கே கோடு கிழிக்கிறீர்களோ அதற்கேற்ற கதை கிடைக்கும். சொந்த அணிக்கு 55 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலே 18-ல் 13 அல்லது அதற்கு மேல் வருவது ஏறக்குறைய பத்தில் ஒரு தடவை நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்தச் சாதகம் கற்பனை அல்ல. ஆட்டம் நின்று தொடங்கும்போது ஆட்களைக் கடைசியாக மாற்றும் உரிமை சொந்த அணிக்கு உண்டு. எதிரணியின் மெக்டேவிட் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் சிறந்த தடுப்பு வரிசையை இறக்கலாம். போதாததற்கு, ஏழாவது ஆட்டம் சொந்த ஊரில் கிடைப்பது பெரும்பாலும் லீக் சுற்றில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்கு. மைதானத்தின் கணக்கில் அணியின் வலுவும் சேர்ந்துகொள்கிறது.

மொத்த கோல் கணக்கை நம்பி முடிவு சொல்பவர்களிடம் மூன்று தொடர்களைக் காட்டுங்கள். 2011-ல் பாஸ்டன் 23, வான்கூவர் 8. ஆனால் வான்கூவர் 1-0, 3-2, 1-0 என்று மூன்று ஆட்டங்களை வென்று கடைசி ஆட்டம் வரை இழுத்தது. 2009-ல் டெட்ராய்ட் 17, பிட்ஸ்பர்க் 14, கோப்பை பிட்ஸ்பர்குக்கு. 2024-ல் எட்மண்டன் 23, ஃபுளோரிடா 18; ஜூன் 24 அன்று 2-1 என்று வென்றது ஃபுளோரிடா. 8-1 என்று ஓர் ஆட்டத்தை வென்றாலும் தொடரில் கிடைப்பது ஒரே வெற்றி. கோல் வித்தியாசத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் கோல்கீப்பர் இல்லாத வலையில் விழுந்த கோல்களைக் கழித்துவிடுங்கள். பின்தங்கிய அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். அப்போது விழும் கோல் அணியின் தரத்தைச் சொல்லாது. 2024 ஆறாவது ஆட்டத்தின் 5-1ல் கடைசி இரண்டு அப்படிப்பட்டவை. அசலில் அது 3-1 ஆட்டம்.

அட்டவணை போடும்போது எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ‘ஐந்தாவது ஆட்டத்தை வென்றவர்கள் இத்தனை விழுக்காடு கோப்பையை வென்றார்கள்’ என்று கணக்கெடுத்தால், ஐந்தாவது ஆட்டத்திலேயே 4-1 என்று தொடரை முடித்தவர்களும் அதில் வந்துவிடுவார்கள். விழுக்காடு தானாக ஏறும். 2-2 என்று இருந்த தொடர்களை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அதேபோல 1942 டொராண்டோவை 0-2 மீட்சி, 0-3 மீட்சி, 1-3 மீட்சி என்று மூன்று பட்டியலிலும் போட்டுவிட்டு மூன்று முன்னுதாரணங்களாக எண்ணக் கூடாது. 0-2லிருந்து மீண்டவை மொத்தம் ஐந்து: 1942, 1966, 1971, 2009, 2011. இதில் 1942 டொராண்டோவும் 1966 மாண்ட்ரியலும் முதல் இரண்டையும் சொந்த ஊரிலேயே தோற்றன; மாண்ட்ரியல் அடுத்த நான்கையும் வென்றது. மற்ற மூன்றும் வெளியூரில் தோற்றவை. இரண்டும் ஒரே ரகமல்ல.

எனவே ஒவ்வொரு தொடருக்கும் ஒரு வரி அல்ல, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். வருடம், ஆட்ட எண், மைதானம், ஆட்டத்துக்கு முன் தொடரின் நிலை, இறுதி கோல், ஓவர்டைமா, காலி வலை கோல்கள், தொடங்கிய கோல்கீப்பர். மைதானப் பத்தியை ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்காமல் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 1950-ல் மேடிசன் ஸ்குவேர் கார்டனைச் சர்க்கஸ்காரர்கள் பிடித்துக்கொண்டதால் நியூயார்க் ரேஞ்சர்ஸ் தன் ‘சொந்த’ ஆட்டங்கள் இரண்டை டொராண்டோவில் ஆடியது, மீதி ஐந்தும் டெட்ராய்ட்டில். 1984, 1985-ல் ஊர் மாறும் வரிசை 2-3-2: முதல் இரண்டு ஓர் ஊரில், அடுத்த மூன்று மற்ற ஊரில், கடைசி இரண்டு மறுபடி முதல் ஊரில். 2020-ல் கொரோனா காரணமாக டாம்பா பே, டல்லஸ் இரண்டும் பார்வையாளர் இல்லாத எட்மண்டனில் ஆடின. அந்த வருடத்தை மைதானக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. லீக் சுற்றின் ஓவர்டைம் முடிவுகளையும் இதில் சேர்க்காதீர்கள். அங்கே மூன்றுக்கு மூன்று பேர் ஆடி, பிறகு ஷூட்அவுட். இங்கே ஐந்துக்கு ஐந்து, முதல் கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

மெக்டேவிட் விஷயம். நீங்கள் கேட்ட சிறந்த ஆட்டக்காரர் விருதான கான் ஸ்மைத் விருது இறுதித் தொடருக்கு மட்டுமல்ல, லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளேஆஃப் சுற்றுகள் முழுவதற்கும். 2024 பிளேஆஃபில் அவர் எடுத்தது 42 புள்ளிகள் (ஆட்டக்காரர் கணக்கில் கோலுக்கு ஒன்று, அசிஸ்ட் எனப்படும் கோலுக்கு உதவிய பாஸுக்கு ஒன்று). அதில் 34 அசிஸ்ட், எட்மண்டனின் பழைய நட்சத்திரம் கிரெட்ஸ்கியின் 31-ஐ முறியடித்த சாதனை. ஆனால் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. தோற்ற அணியிலிருந்து இந்த விருதை வாங்கியவர்கள் ஆறு பேர்: ரோஜர் குரோசியர் (1966), கிளென் ஹால் (1968), ரெஜி லீச் (1976), ரான் ஹெக்ஸ்டால் (1987), ஜான்-செபாஸ்டியன் ஜிகேர் (2003), மெக்டேவிட். இவர்களில் கோல்கீப்பர் அல்லாதவர்கள் லீச்சும் மெக்டேவிட்டும் மட்டுமே.