பழைய ஃப்ளாட்-டாப் மாண்டலின்: கேட்டதும் சொன்னதும்

மரம், பசை, கம்பி, பழுது, வாங்குவது, விற்பது எது வேண்டுமானாலும் கேளுங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள். கையில் எடுத்துப் பார்க்காத வாத்தியத்துக்கு விலை சொல்வது ஜோசியம். எனக்கு அது வராது.

கேள்வி: மாண்டலின் என்றாலே கிண்ணம் மாதிரி முதுகு உள்ளது என்று நினைத்திருந்தேன். ஃப்ளாட்-டாப் என்பது என்ன?

கிண்ண முதுகு உள்ளது நேப்பிள்ஸ் வகை. அதற்கு நேர் எதிராக, வயலின் போல மேல்பலகையையும் முதுகையும் வளைவாகச் செதுக்கிச் செய்வது இன்னொரு வகை. அமெரிக்காவில் வாத்தியம் செய்த ஆர்வில் கிப்ஸன் 1898ல் காப்புரிமை வாங்கியது இந்தச் செதுக்கு முறைக்குத்தான். ஃப்ளாட்-டாப் மூன்றாவது வகை. கிட்டார் மாதிரி மெல்லிய தட்டைப் பலகை, அதன் அடியில் ஒட்டிய தாங்கு கட்டைகள், தட்டை முதுகு. செய்வது சுலபம், எடை குறைவு.

மார்ட்டின் என்ற அமெரிக்க நிறுவனம் 1914ல் கொண்டுவந்த ஸ்டைல் ஏ போன்றவற்றில் மேல்பலகை முழுக்கத் தட்டையாக இருக்காது. பிரிட்ஜுக்கு, அதாவது பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டைக்கு, சற்றுப் பின்னால் ஒரு மடிப்பு இருக்கும், அங்கிருந்து டெயில்பீஸ் வரை, அதாவது கம்பிகளைக் கட்டும் கடைசித் தகடு வரை, பலகை சரியும். முதன்முறை பார்ப்பவர்கள் வளைந்துபோய்விட்டது என்று பயப்படுவார்கள். செய்ததே அப்படித்தான்.

சத்தம் மென்மையாக, கொஞ்சம் நீண்டு நிற்கும். புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைக் குழுவில் பான்ஜோவுக்கு எதிரே வெட்டி வெட்டி அடிக்க இது உதவாது. ஐரிஷ் மெட்டுகளுக்கும், பாட்டுக்குப் பக்கவாத்தியமாகவும், வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கவும் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: நாளை ஒன்றை நேரில் பார்க்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரு அடி ஸ்கேல், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, டார்ச் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் லேபிளையும் கடைசியில் பார்க்கலாம்.

நாலு ஜோடியாக உள்ள எட்டுக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கிட்டாரில் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியிருக்கும், கம்பி அதைப் பிடித்து இழுக்கும். இங்கே பிரிட்ஜ் சும்மா நிற்கிறது, கம்பி அதைக் கீழே அமுக்குகிறது. அதனால் இந்த வாத்தியம் கெட்டால் பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவில் குழி விழும். ஸ்கேலைக் கம்பிகளுக்கு அடியில் குறுக்காக வைத்துப் பாருங்கள். லேசான பள்ளம் வயதான வாத்தியத்தில் சகஜம். ஒலித்துளையின் விளிம்பு ஒரு பக்கம் கீழிறங்கி நின்றால், அடியில் தாங்கு கட்டை விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதிசெய்ய, கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு பலகையை விரல் நுனியால் இடம் இடமாகத் தட்டுங்கள். நல்ல ஒட்டில் டொக் என்று வரும். விட்ட இடத்தில் சிர்ரென்று ஒரு ஒட்டுச் சத்தம் சேரும். பிறகு கண்ணாடியைத் துளைக்குள் விட்டு டார்ச் அடியுங்கள். வெள்ளையாக, பளபளப்பாகப் பசை வழிந்திருந்தால் யாரோ வீட்டுப் பசையில் கைவைத்திருக்கிறார். பழைய வஜ்ஜிரப் பசையை ஈரமும் சூடும் காட்டிப் பிரிக்கலாம், மேலே புதிதாகப் போட்டால் மறுபடியும் பிடிக்கும். வெள்ளைப் பசை ஊறிய இடத்தில் வேறெதுவும் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது கழுத்து. ஸ்கேலை ஃபிரெட்கள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேல் நீளவாக்கில் கிடத்தி, பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். நுனி பிரிட்ஜின் உச்சிக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்க வேண்டும். வெகு கீழே முட்டினால் கழுத்து முன்னால் சாய்ந்திருக்கிறது. இதில் ஒரு தந்திரம் உண்டு: விற்கிறவர் பிரிட்ஜைத் தேய்த்துக் குள்ளமாக்கி, கம்பி உயரம் சரியாக இருப்பதுபோலக் காட்டுவார். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது என்று மயங்கிவிடாமல், பிரிட்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்துவது பெரிய வேலை. பல சமயம் அந்தக் கூலி வாத்தியத்தின் மதிப்பையே தாண்டிவிடும்.

ரேகையோடு ஓடிய வெடிப்பு, உள்ளே சின்னச் சின்னத் துண்டு ஒட்டி நன்றாக மூடியிருந்தால் கவலை வேண்டாம். பக்கச் சட்டத்திலிருந்து பலகை விட்டிருந்தாலும் ஒட்டிவிடலாம்.

ஒன்று ரகசியமாகச் சொல்கிறேன். “சுருதி சேரவே மாட்டேன் என்கிறது” என்று சொல்லித் தள்ளிவிடும் வாத்தியங்களைத் தேடிப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிரிட்ஜ் நகர்ந்ததுதான் காரணம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த ஸ்வரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரத்தைவிட ஏறியிருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: என் மார்ட்டின் ஸ்டைல் ஏயில் நாலு இலக்க எண் இருக்கிறது. பட்டியலில் பார்த்தால் 1898க்கு முந்தியது என்று வருகிறது. உண்மையா?

நீங்கள் பார்த்தது கிட்டார் பட்டியல். மாண்டலினுக்கு மார்ட்டினில் தனி எண் வரிசை. ஸ்டைல் ஏ வந்ததே 1914ல் என்பதால் 1898 ஆக வழியில்லை. மாண்டலின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: சத்தம் போதவில்லை. மீடியம் கம்பி போடலாமா?

வேண்டாம். நூறு வயது ஃப்ளாட்-டாப்பில் மீடியம் கம்பி போடாதீர்கள். இன்றைக்கு மீடியம் என்று விற்பது முதல் ஜோடிக் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கும், நாலாவது ஜோடி 40ம் உள்ள செட். அது செதுக்கிய பலகைக்கு ஏற்பட்டது. முதல் கம்பி 10 உள்ள லைட் செட் போடுங்கள், மிகவும் மெல்லிய வாத்தியம் என்றால் 9. சத்தம் போதவில்லை என்றால் மீட்டும் பிக்கை மாற்றுங்கள்: கனமான, நுனி உருண்ட பிக். அப்புறம் பிரிட்ஜின் அடிப்பாகம் பலகையோடு முழுக்கப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் காகிதம் நுழைந்தால் அங்கேதான் உங்கள் சத்தம் போகிறது.

கேள்வி: மார்ட்டினின் கம்பி நீளம் 13 அங்குலம்தானே, கிப்ஸனுக்கு 13⅞. அதே கம்பி இங்கே குறைவாகத்தானே இழுக்கும்? அப்படியானால் மீடியம் போட்டால் என்ன?

நல்ல கேள்வி. கணக்கு சரி. அதே சுருதி, அதே கம்பி என்றால் இழுவை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, மார்ட்டினில் சுமார் 12 சதவீதம் குறையும். கம்பி கொஞ்சம் தொளதொள என்று தெரிவதும் அதனால்தான். ஆனால் நீங்கள் ஒப்பிடுவது வளைவாகச் செதுக்கிய கனமான பலகையோடு. மார்ட்டினின் பலகை மெல்லியது, கழுத்துக்குள் இரும்புத் தண்டும் கிடையாது. மிச்சமாகும் அந்த 12 சதவீதத்தை மீடியம் கம்பிக்குக் கொடுத்துத் தீர்க்காதீர்கள். உங்கள் வாத்தியம் இத்தனை நாள் தாங்கியதே அதனால்தான்.

கேள்வி: பழசு பயமாக இருக்கிறது. கொஞ்சம் புதிதாக, பயன்படுத்தியது எது வாங்கலாம்?

முதல் உலகப் போர்க் காலத்தில் கிப்ஸன் சிப்பாய்களுக்காக ஆர்மி-நேவி என்று வட்டமான ஒரு தட்டை மாண்டலின் செய்தது. மொன்டானாவில் ஃப்ளாட்அயர்ன் என்ற பட்டறை பிற்பாடு அந்த உருவத்தை எடுத்துத் திருத்தமாகச் செய்தது. 1987ல் கிப்ஸனே அந்தப் பட்டறையை வாங்கிக்கொண்டது. ஃப்ளாட்அயர்னின் வட்ட மாண்டலின் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். மிட்-மிசௌரி என்று தொடங்கிப் பிறகு பிக் மடி என்று பெயர் மாறியவையும் எளிமையானவை, உழைப்பவை. அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இதில் கர்நாடக இசை வாசிக்க முடியுமா?

ஸ்வரம் வரும், கமகம் வராது. ஜோடிக் கம்பியை இழுத்து வளைப்பது கஷ்டம், ஓசையும் அவ்வளவு நேரம் நிற்காது. யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் உள்ள மின்சார மாண்டலின். அதை வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள், என் துறை இல்லை.

கேள்வி: என்னுடையது 1920களின் மார்ட்டின். ஃபிரெட் தேய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இப்போதைய ஃபிரெட் போட்டு, கம்பியை முறுக்கும் டியூனரும் புதிது மாற்றலாம் என்று இருக்கிறேன். துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டுமாம்.

கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வாத்தியத்தில் இருப்பது பார் ஃபிரெட், அதாவது தலை இல்லாத, செவ்வகமான உலோகப் பட்டை. 1934 வாக்கில்தான் மார்ட்டின் ஆங்கில T வடிவ ஃபிரெட்டுக்கு மாறியது. இரும்புத் தண்டு இல்லாத கழுத்தில் இந்தப் பட்டைகள் ஆப்பு அடித்த மாதிரி இறுகி உட்கார்ந்து, கழுத்தை நேராக நிறுத்துவதில் பங்கு வகிக்கின்றன. அதைப் பிடுங்கி, அடிக்கால் மெல்லியதான T ஃபிரெட்டைச் செருகினால் வெட்டுகள் தளர்ந்து கழுத்து முன்னால் வளையும். பார் ஃபிரெட் தெரிந்த கைக்குக் கொடுங்கள். தடிமன் பார்த்துப் பார்த்துப் போடுவார், வளைந்த கழுத்தைக்கூட அதிலேயே நிமிர்த்துவார்.

டியூனருக்காகத் துளை போடாதீர்கள். தண்டுகளின் இடைவெளியை அளந்து அதே அளவில் வாங்குங்கள். பல்சக்கரம் திருகுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மாறிப் பொருத்தினால் கம்பியின் இழுவை பல்லைத் திருகிலிருந்து விலக்கும்.

குறுக்கே ஒருவர்: சார், வாத்தியம் வாசிக்கத்தானே? கண்ணாடிப் பெட்டியில் வைக்கவா?

வாசிக்கத்தான். கழுத்து வளைந்தால் எப்படி வாசிப்பீர்கள்?

இன்னொருவர்: நான் ஒன்றைச் சுரண்டி, புது வார்னிஷ் அடித்து, பளபளவென்று ஆக்கினேன். ஒரே வாரத்தில் விற்றுப்போனது. வாங்கினவருக்கும் சந்தோஷம்.

வாங்கினவர் அதை விற்கப் போகும்போது தெரியும். மேல்பலகையின் தடிமனே இரண்டு மூன்று மில்லிமீட்டர். உப்புத்தாள் தேய்க்கும்போது நீங்கள் எடுப்பது அழுக்கோடு மரத்தையும்தான். அதன்மேல் கனமான பூச்சு ஏறினால் பலகை அதிர்வது குறையும். கூடவே வாத்தியத்தின் மதிப்பில் பெரும் பங்கு போய்விடும். பழைய வாத்தியம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அழுக்கு என்றால் ஈரத்துணி, கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான்.

முதலில் குறுக்கிட்டவர்: மதிப்பு, மதிப்பு! இது சேகரிப்பவர் பேச்சு. ஸ்டைல் ஏ என்ன கிடைக்காத பொருளா?

கிடைக்காத பொருள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. திரும்ப எடுக்க முடிகிற மாற்றம் எல்லாம் செய்யுங்கள். புது பிரிட்ஜ் வையுங்கள், பழையதைப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். அதே துளையில் உட்காரும் டியூனர் மாட்டுங்கள். ஒலிபெருக்கியில் சேர்க்கப் பிக்கப் வேண்டுமா, ஒட்டிக் கழற்றுகிற மாதிரி வாங்குங்கள். துளையிடுவது, சுரண்டுவது, செதுக்குவது மட்டும் கூடாது. ஏனென்றால் உங்களுக்கு அடுத்து வாசிப்பவருக்கு வேறு தேவை இருக்கும்.

ஃபிரெட் பற்றிக் கேட்டவர்: அப்படியானால் தேய்ந்த ஃபிரெட்டோடு பார் ஃபிரெட் தெரிந்தவரைத் தேடி அலையச் சொல்கிறீர்களா?

ஆமாம். அதுவரை எந்த ஃபிரெட்டில் கம்பி உதறுகிறதோ அதை மட்டும் சமன் செய்து வாசியுங்கள். பள்ளம் முதல் மூன்று நாலு ஃபிரெட்டில்தான் விழும். அவற்றை மட்டும் மாற்றினாலே பல வருடம் ஓடும்.

இரண்டாமவர்: நான் அடித்த வார்னிஷ் மெல்லியதுதான்…

இதோடு விடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் மாண்டலின், லேபிள் கிழிந்துவிட்டது. என்ன விலை போகும்?

மேலே முதல் வரி.

கேள்வி: வெளிநாட்டுக்கு விற்கிறேன். முதுகு ரோஸ்வுட், தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் தந்தம் மாதிரி தெரிகிறது. சிக்கல் வருமா?

வரலாம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு 2019 கடைசியில் விலக்கு வந்தது, பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. தந்தமும், நிஜ ஆமையோட்டில் செய்த பிக்கார்டும் (பிக் உரசாமல் பலகையைக் காக்கும் தகடு) இருந்தால் இன்னும் கடுமை. மார்ட்டின் 1918 வாக்கில்தான் தந்தத்தைக் கைவிட்டது என்பதால் அதற்கு முந்தியது என்றால் சந்தேகப்படுங்கள். வாங்குபவரின் நாட்டு விதியையும் கேட்டுவிட்டு விளம்பரம் போடுங்கள்.

ஆமையோடு மாதிரி தெரிவது பெரும்பாலும் செல்லுலாய்டுதான். அது சட்டச் சிக்கல் இல்லை, வேறு சிக்கல். வயதானால் சுருங்கி, நொறுங்கி, அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் கம்பியும் டெயில்பீஸும் காரணமில்லாமல் பச்சை பூத்திருந்தால் பிக்கார்டைப் பாருங்கள். நொறுங்க ஆரம்பித்திருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், பெட்டியைக் காற்றாடத் திறந்துவையுங்கள்.

கேள்வி: பாட்டியின் மாண்டலினுக்கு மீடியம் கம்பி…

வேண்டாம்.

கேள்வி: மீடியம் கூடாது என்று படித்தேன். மீடியம்-லைட்?

லைட். வெறும் லைட்.

கேள்வி: விற்பனைக்குப் படம் எடுப்பது, பார்சல் கட்டுவது பற்றி?

முன்னும் பின்னும் எல்லோரும் எடுக்கிறார்கள். வாங்குபவர் கேட்பது வேறு படங்கள்: கழுத்து பக்கவாட்டில், பலகையின் குழி தெரிகிற மாதிரி சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, பிரிட்ஜின் உயரம், துளைக்குள் தெரியும் கட்டைகள், ஒவ்வொரு வெடிப்பும் கிட்டத்தில். குறையை நீங்களே முதலில் சொன்னால் பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பார்சலுக்கு, கம்பிகளை இரண்டு மூன்று ஸ்வரம் இறக்குங்கள். முழுக்கத் தளர்த்தினால் பிரிட்ஜ் நழுவிப் பலகையைக் கீறும். பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதன் இரு பக்கமும் மெல்லிய துணி வையுங்கள். தலைப்பகுதிக்கு அடியில் மெத்தென்று ஏதாவது கொடுத்து, பெட்டிக்குள் வாத்தியம் அசையாதபடி நிரப்புங்கள். பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியை அடைத்து அனுப்புங்கள். காப்பீடு செய்துவிடுங்கள், கட்டும்போதே படம் எடுத்துவையுங்கள்.