கையில் எழுதிய எண்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கிறோம். 9 வயது மகள் எங்கள் குடியிருப்பின் கோடைகால நீச்சல் அணியில் இருக்கிறாள். ஜூலையில் இரண்டு வாரம் தாத்தா பாட்டியைப் பார்க்க இந்தியா போக டிக்கெட் எடுத்தாயிற்று. சனிக்கிழமை மீட்கள் (நீச்சல் போட்டிகள்) தவறும். கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை, முகம் கோணுவார் என்று தயக்கம். மகள் "மெட்லி ரிலேல பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நான்தானே" என்று அழுகிறாள். மீட்டா, பயணமா? இரண்டு வாரம் நீந்தாவிட்டால் வேகம் போய்விடுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பயணம் போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 9 வயதில் இரண்டு வாரத்தில் போகிற வேகம், திரும்பி வந்து நாலைந்து பயிற்சியில் வந்துவிடும்.

என்னால் தாண்டிப் போக முடியாதது "கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை" என்ற வரி. ஏன் சொல்லவில்லை? டிக்கெட் எடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? குழந்தை மீட்டுக்கு வராதது யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வரமாட்டாள் என்பது கடைசி நேரத்தில் தெரிவதுதான் நஷ்டம். உங்கள் மகள் நீந்துவது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

மெட்லி ரிலேயில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு வகை நீச்சல். முதலில் பேக் ஸ்ட்ரோக், அடுத்து பிரெஸ்ட், பிறகு பட்டர்ஃபிளை, கடைசியில் ஃப்ரீ ஸ்டைல். ஃப்ரீ ஸ்டைலுக்கு ஆள் எப்போதும் கிடைக்கும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை விதிப்படி நீந்தும் சின்னக் குழந்தைகள் குறைவு. உதைக்கும்போது இரண்டு பாதங்களும் ஒருசேர வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பாதம் மட்டும் உள்ளே மடங்கிக் கத்தரிக்கோல் போல வெட்டினால் நடுவர் கை தூக்கிவிடுவார். சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்தினாலும் போயிற்று. ரிலேயில் ஒருவர் செய்த தப்புக்கு நான்கு பேரும் தகுதி இழப்பார்கள். ஆகவே இந்த வயதுப் பிரிவில் கோச் நம்பி இறக்கக்கூடிய பிரெஸ்ட் ஸ்ட்ரோக் குழந்தைகள் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம்.

உங்கள் பயணம் சீசன் தொடங்கும்போதே தெரிந்திருந்தால், கோச் இன்னொரு குழந்தையைப் பலகையைப் பிடித்து உதைக்கவிட்டு மூன்று நாலு வாரத்தில் அந்தப் பாதங்களைத் திருப்பிவிடுவார். வெள்ளி இரவு தெரிந்தால்? பி அணி ரிலேயிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி ஏ அணியில் போடுவார். பி அணி கலையும். காலையில் போட்டி எண், ஹீட் (எத்தனையாவது குழுவில் நீந்துவது), லேன் எல்லாம் மார்க்கரால் முன்கையில் எழுதிக்கொண்டு, தொப்பியும் கண்ணாடியும் மாட்டி நிற்கிற மூன்று குழந்தைகளிடம் "உங்களுக்கு ரிலே இல்லை" என்று சொல்வார்கள். அந்த மை அன்று முழுக்க அழியாது. நீங்கள் பயந்த கோச்சின் முகத்தைவிட, நீங்கள் பார்க்காத இந்த மூன்று முகங்கள்தான் எனக்குப் பெரிதாகப்படுகின்றன. உங்கள் மகள் அழுவதும் இதற்காகத்தான் இருக்கும். அவளுக்குப் புரிந்திருக்கிறது. அவளை அதட்டாதீர்கள், தலையைத் தடவிக்கொடுங்கள்.

இன்னொன்று, நாள் கணக்கு. மீட் சனி காலை என்றால் சனி மதியம் கிளம்பி, அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளி திரும்பினால் 13 நாள் கிடைக்கும், ஊரில் இல்லாமல் தவறுவது ஒரே ஒரு மீட். அதே பயணத்தை வெள்ளியில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து வரும் சனி இரவு முடித்தால் மூன்று மீட் போகும். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆனால் இந்தியாவிலிருந்து வெள்ளி வந்து இறங்கிய குழந்தையை மறுநாள் காலை தண்ணீரில் தள்ளாதீர்கள். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் இந்தியாவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் என்றுதான் உடம்பு பழகும். அந்தச் சனி அவள் கரையில் நின்று கைதட்டட்டும்.

லீக் விதிகளையும் எடுத்துப் படியுங்கள். சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் நீந்த, இத்தனை மீட்டில் கலந்திருக்க வேண்டும் என்று பல லீக்குகளில் குறைந்தபட்சக் கணக்கு உண்டு. அது தெரியாமல் கடைசியில் குழந்தையை ஏமாற்றிவிடாதீர்கள். மீட்டில் பெற்றோர் நேரம் குறிக்கும் வேலையில் அந்த நாட்களில் உங்கள் முறை வந்திருந்தால் வேறொரு பெற்றோரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரில் குளம் கிடைத்தால் 20 நிமிடம் போதும். சுவரை உதைத்து அம்பு போல நீள்வது, இரண்டு கையால் சுவர் தொடுவது, அவ்வளவுதான். நேரம் பார்க்காதீர்கள். அங்கே குளம் 25 மீட்டராகவும் இங்கே 25 கெஜமாகவும் இருந்தால், மீட்டர் குளம் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். மெதுவாகிவிட்டாள் என்று வீணாகப் பதறுவீர்கள்.

கோச்சுக்கு இன்று இரவே எழுதுங்கள். மகளின் பெயர், வயதுப் பிரிவு, கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, தவறும் மீட்கள், "பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாற்று ஆள் வேண்டும்" என்று ஒரு வரி. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அனுப்பியதை மகளிடம் காட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.