உள்ளூர் நாடகக்காரர்கள் கூடினால்

கேள்வி: ஊர்த் திருவிழாவுக்கு நாங்கள் ஐந்து பேர் நாடகம் எழுதுகிறோம். எழுதுகிறவர்களுக்காக ஒரு பட்டறை நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், பாபநாசம்

பதில்: சம்பா அறுவடை முடிந்து மாசியில் வையுங்கள், அப்போதுதான் ஆள் சேரும். நாங்கள் முதல் தடவை காலை முழுக்கச் சொற்பொழிவிலேயே விட்டுவிட்டோம். அடுத்த முறை ஆளுக்கு ஐந்து பக்கம் கொண்டுவரச் சொன்னோம். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, வேறொருவர்தான் படிக்க வேண்டும். நான் ஒரு மடைத் தகராறு எழுதியிருந்தேன். படித்த அக்கா, 'நீரைத் தடுத்து நிறுத்தியது தாங்கள்தானா?' என்ற இடத்தில் திக்கினார். அப்புறம் தாமாகவே, 'மடையை அடைச்சது நீதானே?' என்றார். வராந்தாவே நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்றிரவே காட்சி முழுவதையும் மாற்றினேன்.

பள்ளிக்கூட வராந்தா போதும். மதியச் சாப்பாடு மட்டும் கட்டாயம் போடுங்கள், நல்ல பேச்சு பந்தியில்தான் நடக்கும். வெளியூர் ஆள் வந்துதான் ஆக வேண்டும் என்று தயங்காதீர்கள். இராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் சீர்காழியில் வாழ்ந்தவர். கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி மயிலாடுதுறைப் பக்கத்துப் புஞ்சையில் பிறந்தவர். சரி, நரசிம்ம ஜெயந்தி சமயத்தில் ஐந்து பேரும் மெலட்டூர் போய்ப் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தைப் பாருங்கள். பாட்டு தெலுங்கு, பரவாயில்லை. ஒவ்வொரு பாத்திரமும் தன் தருவோடு, அதாவது தனக்கான நுழைவுப் பாட்டோடு, உள்ளே வரும் விதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.