வில்னியஸ் நகரத்துப் பெயர்ப்பலகை

கேள்வி: லிதுவேனியாவின் மக்கள்தொகை மொத்தமே சுமார் இருபத்தெட்டு லட்சம். அந்த நாடு எங்கோ இருக்கும் தைவானுக்காக, அதுவும் ஒரு பெயர்ப்பலகைக்காக, சீனாவைப் பகைத்துக்கொண்டதைத் துணிச்சல் என்பீர்களா, அசட்டுத்தனம் என்பீர்களா? தைவான் அவர்களுக்கு மாமனா, மச்சானா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெயர்ப்பலகைதானே என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்; தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பெய்ஜிங் அப்படி நினைக்கவில்லை. தூதரக உறவு இல்லாத நாடுகளில் தைவானின் அலுவலகங்கள் பெரும்பாலும் அதன் தலைநகரான தைபேயின் பெயரில்தான் இயங்குகின்றன. நம் சென்னையில் 2012-இல் தொடங்கப்பட்டதும் 'தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்' தான். ஊரின் பெயரைச் சொன்னால் நாட்டை ஒப்புக்கொண்டதாகாது என்பது பல ஆண்டுகளாக எல்லோரும் வாய்விட்டுப் பேசாமலே கடைப்பிடித்துவரும் ஏற்பாடு. 2021 ஜூலையில், லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸில் அமையவிருக்கும் அலுவலகத்துக்குத் தைவானின் பெயரே சூட்டப்படும் என்ற அறிவிப்பு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. ஆகஸ்டில் சீனா தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நவம்பர் 18 அன்று அலுவலகம் திறக்கப்பட்டு மூன்று நாள் கழிவதற்குள் உறவைத் தூதருக்குக் கீழான பொறுப்புத் தூதர் நிலைக்கு இறக்கியது. டிசம்பர் நடுவில் லிதுவேனியத் தூதரகத்தினர் பெய்ஜிங்கை விட்டே வெளியேற நேர்ந்தது.

மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஆனால் 1990-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை அறிவித்து, 1991 ஜனவரியில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தடியில் சோவியத் டாங்குகளின் முன் நின்று உயிர்களைப் பறிகொடுத்த நாடு அது. அன்று பெரிய நாடுகள் மாஸ்கோவின் முகத்தைப் பார்த்துத் தயங்கியபோது, முதலில் அதை அங்கீகரித்தது கடல் கடந்த ஐஸ்லாந்து. அந்த நினைவு வில்னியஸில் இன்னும் ஆறவில்லை. 2020 தேர்தலுக்குப் பிறகு இங்ரிதா ஷிமோனிட்டே தலைமையில் அமைந்த கூட்டணி அரசு, பெலாரஸ் முதல் தைவான் வரை சுதந்திரத்துக்காகப் போராடுவோரின் பக்கம் நிற்போம் என்று தன் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தது. அந்த அரசின் வெளியுறவு அமைச்சர் கப்ரியேலியஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், விடுதலை இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய விதௌதஸ் லாண்ட்ஸ்பெர்கிஸின் பேரன்.

அறத்தோடு கணக்கும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பெலாரஸ், மறுபக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட் என்று அமைந்த நாட்டுக்கு, அமெரிக்காவின் கண்ணில் முக்கியமாகத் தெரிவது பாதுகாப்பு தொடர்பான காரியம். போதாததற்கு, லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்குப் போனது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று நினைத்தார்கள்.

கணக்கு பிசகியது இங்கேதான். அந்த ஆண்டு டிசம்பரில் சீனச் சுங்கத்துறையின் கணினியில் 'லிதுவேனியா' என்ற நாடே காணாமல் போனது. சரக்குகள் துறைமுகங்களில் தேங்கின. அதையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் லிதுவேனியத் தொழிற்சாலைகளில் செய்த உதிரிபாகம் எந்த நாட்டுப் பொருளுக்குள் இருந்தாலும் அதைச் சீனாவுக்குள் விடமாட்டோம் என்ற நெருக்கடி வந்தபோது, அடி விழுந்தது ஜெர்மானிய நிறுவனங்களின் மேல். லிதுவேனியாவில் ஆலை வைத்திருந்தவர்கள், நிலைமை சீராகாவிட்டால் மூட வேண்டிவரும் என்று வில்னியஸுக்கு எழுதினார்கள். தான் கொடுக்கவேண்டிய விலையைக் கணக்கிட்ட அரசு, தன் முடிவுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கப்போகும் விலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டை விடுங்கள், சொந்த வீட்டிலேயே ஒரே குரல் இல்லை. 2022 ஜனவரியில் அதிபர் கிதானஸ் நௌசேதா, அலுவலகம் திறந்தது தவறல்ல, பெயர்தான் தவறு, அதுவும் தன்னைக் கலந்துகொள்ளாமல் வைத்த பெயர் என்று வெளிப்படையாகவே சொன்னார். வெளியுறவுக் கொள்கையை அரசோடு சேர்ந்து நடத்தும் பொறுப்பு அந்நாட்டு அரசமைப்பின்படி அதிபருக்கு உண்டு. எதிராளி சீனாவாக இருக்கும்போது, அதிபரைக் கேட்காமல் பலகை மாட்டியதைத் துணிச்சல் என்று நான் சொல்லமாட்டேன். கொள்கையில் துணிச்சல் இருந்தது. அதை நிறைவேற்றிய விதத்தில் இருந்தது அலட்சியம். உங்கள் கேள்வி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

தைவான் கைவிட்டுவிடவில்லை. இருபது கோடி டாலர் முதலீட்டு நிதியும், நூறு கோடி டாலர் கடன் திட்டமும் அறிவித்தது. லிதுவேனியாவிலிருந்து சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரம் பாட்டில்களைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதை எப்படிக் குடிப்பது, எதில் கலந்து சமைப்பது என்று மக்களுக்குச் சமையல் குறிப்பெல்லாம் வந்தது. நட்புக்கு ரம் நல்ல சான்றுதான். ஆனால் முதலீட்டின் பலன் பேச்சில் தெரிந்த அளவுக்கு விரைவாகக் கண்ணில் படவில்லை.

சீனாவும் நினைத்ததைச் சாதித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024-இல் அதை ஒன்றியமே நிறுத்திவைத்து, பிறகு காலாவதியாக விட்டது வேறு கதை. ஆனால் பொருளாதார மிரட்டலுக்கு எதிரான ஐரோப்பியச் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததில் இந்தச் சண்டைக்குப் பங்கு உண்டு.

அண்டை நாடுகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்துச் சீனா அமைத்த கூட்டமைப்பிலிருந்து லிதுவேனியா 2021-இலேயே விலகியது. லாட்வியாவும் எஸ்டோனியாவும் 2022 ஆகஸ்டில், அதிகச் சத்தமில்லாமல் விலகின. அடுத்த ஆண்டு தைவானுக்கு அலுவலகம் வைக்க இடம் தர எஸ்டோனிய அரசு முன்வந்தபோது, பலகையில் 'தைபே' என்றுதான் இருக்கும் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.