கதவு திறக்கத்தான் அந்த அகலம்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். 8 வயதில் ஒரு மகள், 14 மாதத்தில் ஒரு மகன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட்டின் 'பேரன்ட் அண்ட் சைல்டு' பார்க்கிங்கில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்தேன். பின்னால் மகன் அழுதுகொண்டிருந்தான். எதிர்ப்பக்கமாக வந்த ஒரு கார் சட்டென்று உள்ளே நுழைந்துவிட்டது. இறங்கியவர் எங்கள் தமிழ்ச் சங்கத்து அங்கிள். தனியாகத்தான் வந்திருந்தார். "அங்கிள், இது குழந்தையோடு வருபவர்களுக்கு" என்றேன். "நானும் மூணு பிள்ளை வளர்த்தவன்தாம்மா, அஞ்சு நிமிஷம்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்து, "போர்டு படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் சங்கத்துக் கூட்டத்தில் அவர் மனைவி, "வயசுல பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் செய்தது தப்பா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அவர் காரை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்றும் யோசனை. இன்னொன்று: மகளை மட்டும் கூட்டிப்போகும்போது நான் அந்த இடத்தில் நிறுத்தலாமா? என் கணவர் பால் வாங்கத் தனியாகப் போனாலும் அங்கேதான் நிறுத்துகிறார். பின்சீட்டில் குழந்தை சீட் இருப்பதால் யாரும் கேட்பதில்லையாம். கார் என் பெயரில் இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

அன்புத் தோழிக்கு,

இடம் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். பேச்சு விஷயத்தில் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று உங்களால் முடிவெடுக்க முடியவில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். பிரிட்டனில் ஒரு சாதாரண பார்க்கிங் கட்டம் சுமார் 2.4 மீட்டர் அகலம். இப்போது விற்கும் புதுக் கார்கள் சராசரியாக 1.8 மீட்டர் வந்துவிட்டன, கண்ணாடிகளைச் சேர்க்காமல். இரண்டு கார்கள் ஒழுங்காக நடுவில் நின்றால்கூட இடையில் 60 சென்டிமீட்டர்தான். பெரியவர் ஒருவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். பின்னோக்கி வைத்த சீட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்க முடியாது. அதற்குக் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், நீங்கள் குனிந்து உள்ளே போக வேண்டும், பெல்ட்டைக் கழற்ற வேண்டும், குழந்தையின் தலை இடிக்காமல் வெளியே வர வேண்டும். பக்கத்துக் காரில் கீறல் விழாமல் இதையெல்லாம் 60 சென்டிமீட்டரில் செய்வது கழைக்கூத்துதான். அந்தக் கட்டங்களை அகலமாகப் போட்டிருப்பது இதற்காகத்தான். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான், குழந்தையோடு ஓடும் கார்களுக்கு நடுவே குறைவாக நடந்தால் போதும். ஆனால் முக்கியம் அகலம்.

'மூணு பிள்ளை வளர்த்தவன்' என்ற அங்கிளின் பதில் அதனால்தான் பொருந்தவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை இடம் என்று அவர் நினைத்திருக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, நம் ஆட்கள் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தத் தலைமுறை ஊரில் ஒரு ஸ்கூட்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனது. குழந்தைக்குத் தனி பார்க்கிங் என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். பிரிட்டனிலேயே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைக்குத் தகுந்த சீட் வேண்டும் என்ற விதி 2006 செப்டம்பரில்தான் வந்தது. உயரத்தை வைத்து வாங்கும் ஐ-சைஸ் சீட் என்றால் 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். சட்டம் சீட்டைக் கேட்கிறது, சீட் கதவு முழுசாகத் திறக்க இடம் கேட்கிறது. மூன்று பிள்ளை வளர்த்தபோது அவருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது.

அதே சமயம் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடம் சட்டப்படி உங்களுடையது இல்லை. மாற்றுத் திறனாளிகளுக்கான இடத்துக்குப் பின்னால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்களுக்கான இடத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கடைக்காரர், குழந்தை வைத்திருப்பவர்கள் நிறைய வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுச் செய்து வைத்த வசதி அது. அதில் யார் நின்றாலும் போலீஸ் வராது, கவுன்சிலும் வராது. கேட்கும் உரிமை கடைக்கும், கடை அமர்த்திய பார்க்கிங் கம்பெனிக்கும்தான். எனவே முன்பின் தெரியாதவர் என்றால் நேராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். உள்ளே கஸ்டமர் சர்வீஸ் மேசையில் கார் எண்ணைச் சொல்லுங்கள். சில கடைகளில் மைக்கில் அறிவிப்பார்கள், சில கடைகளில் தோளைக் குலுக்குவார்கள். நீங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தனியாக இறங்குகிற எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை. பேரனை வைத்துக்கொண்டு மருமகள் உள்ளே காத்திருக்கலாம், அவர்களை ஏற்றிப்போக வந்திருக்கலாம். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து கதவை அகலத் திறந்தால்தான் காலை வெளியே எடுக்க முடியும் என்ற நிலையில் இருக்கலாம். சில வாரத்தில் சரியாகிவிடும் பிரச்சினைக்குப் பொதுவாக புளூ பேட்ஜ் (மாற்றுத் திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அட்டை) கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்கும் புளூ பேட்ஜ் கொடுப்பது இங்கிலாந்தில் 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியது. நன்றாக நடக்கிறாரே என்று பார்த்து முடிவு கட்டுவது அதற்குப் பிறகு இன்னும் கஷ்டம். உங்கள் அங்கிள் விஷயத்தில் இப்படி எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. அவர் வாயாலேயே 'அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிவிட்டார்.

சரி, மன்னிப்பு. கேளுங்கள், ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும். படிக்கத் தெரியாதா என்று நாலு பேர் முன்னால் ஒருவரைக் கேட்டால், வயது எதுவாக இருந்தாலும் அது அவமானம்தான். ஐம்பது வயதைத் தாண்டி வெளிநாட்டுக்கு வந்து, ஆங்கிலப் பலகைகளின் நடுவே தட்டுத்தடுமாறிப் பழகியவராக இருந்தால் இன்னும் சுடும். போனில் தனியாகப் பேசுங்கள். "அங்கிள், அன்னைக்கு நான் பேசின விதம் சரியில்ல. பையன் அழுதுட்டிருந்தான், பதட்டத்துல வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க." அதோடு நிறுத்துங்கள். அடுத்து 'ஆனால்' என்று ஆரம்பித்தால் முதலில் சொன்னது வீணாகிவிடும். இடத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தால், கதவு திறக்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அவருக்குப் புரிந்திருக்கும். ஆன்ட்டியிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் போன் பேச்சு தானாகப் போய்ச் சேரும்.

தெரிந்தவர்களிடம் அடுத்த முறை விதியைச் சொல்லாதீர்கள், உதவி கேளுங்கள். "அங்கிள், பையனை இறக்கக் கதவு முழுசா திறக்கணும், கொஞ்சம் வண்டியை மாத்திக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால் அவரே பதறிப்போய் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். நம் பெரியவர்களுக்கு போர்டைக் காட்டினால் ரோஷம் வரும், குழந்தையைக் காட்டினால் இரக்கம் வரும். எரிச்சலான விஷயம்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் உங்களுக்கு வேண்டியது பார்க்கிங் இடம், வாதத்தில் வெற்றி இல்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கே வந்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிள் செய்ததற்கும் அவர் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அங்கிள் காரில் குழந்தை சீட் இல்லை, இவர் காரில் காலி சீட் இருக்கிறது. காலி சீட்டை யாரும் தூக்கி இறக்கப் போவதில்லை. சொல்லப்போனால் அங்கிள் அறியாமல் செய்தார் என்றாவது சொல்லலாம். தினமும் ஒரு குழந்தையைத் தூக்கி இறக்குகிறவர் தெரிந்தே செய்கிறார்.

நியாயம் பேசினால் கேட்க மாட்டார் என்றால் பணத்தைப் பேசுங்கள். இந்த இடங்களைத் தவறாகப் பயன்படுத்தினால் பல கடைகளின் பார்க்கிங் கம்பெனிகள் கட்டணம் போடுகின்றன. தொழில்துறையின் விதிகளின்படி அது 100 பவுண்டு வரை போகலாம், 14 நாளில் கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி. இது அரசு அபராதம் இல்லை, ஒப்பந்தத்தை மீறியதாக வரும் தனியார் பில். 'அதைக் கிழித்துப் போடு, ஒன்றும் ஆகாது' என்று வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றும் அறிவுரையை நம்ப வேண்டாம். 2015 நவம்பரில் செம்ஸ்ஃபோர்டு வழக்கு ஒன்றில், கூடுதல் நேரம் நின்ற காருக்குப் போட்ட 85 பவுண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் யார் பெயரில் கார் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே அந்தப் பணத்தைக் கேட்கலாம். கார் உங்கள் பெயரில். அவர் பால் வாங்கிய கணக்கு உங்கள் வாசலுக்கு வரும்.

(நியாயமில்லாத கடிதம் வந்தால் சும்மா இருக்காதீர்கள். 28 நாளுக்குள் முதலில் அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டும். மறுத்தால், அது பார்க்கிங் கம்பெனிகளின் எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். குழந்தை கூட வந்ததைக் காட்டும் பில், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள்.)

இடமே கிடைக்காத நாளில் என்ன செய்வது? வாசலை மறந்துவிடுங்கள். தள்ளி, வரிசையின் கடைசிக் கட்டமாகப் பாருங்கள். ஒரு பக்கம் நடைபாதையோ புல்தரையோ இருக்கும், அங்கே யாரும் வந்து நிறுத்த முடியாது. மகனின் சீட் இடது பக்கம் இருந்தால் இடது பக்கம் திறந்திருக்கும் கட்டமாகத் தேர்ந்தெடுங்கள். கணவரும் கூட இருந்தால் கட்டத்துக்குள் நுழையும் முன்பே, கார் வராத ஓரமாக நிறுத்திக் குழந்தையை இறக்கிக்கொண்டு அப்புறம் அவரை நிறுத்தச் சொல்லுங்கள். டிராலி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது இன்னும் நல்லது. சாமான்களை ஏற்றியபின் குழந்தையைக் காரில் தனியே விட்டுவிட்டு டிராலியைத் தூரத்தில் விடப்போகும் சங்கடம் இருக்காது.

மாற்றுத் திறனாளிகளுக்கான இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், ஒரு நிமிஷத்துக்குக்கூட. 'குழந்தைக்கான இடம் நிறைந்துவிட்டது, இதுவும் அகலம்தானே' என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் தள்ளி நிறுத்தினால் சிரமம், அவ்வளவுதான். சக்கர நாற்காலியை இறக்க இடமில்லாதவர் கடைக்குள் போகாமலே திரும்பிவிடுவார். அந்த வரிசையில் குழந்தைக்கு இரண்டாம் இடம்தான்.

போட்டோவை அழித்துவிடுங்கள். சங்கத்துக் குழுவில் போட்டால் அங்கிளின் கார் எண் முந்நூறு பேருக்குத் தெரியும், அதில் பாதிப் பேர் அவர் பக்கம் நிற்பார்கள், அப்புறம் பொங்கல் விழாவுக்கு யார் சமைப்பது என்பது வரை அந்தச் சண்டை போகும்.

உங்கள் மகள் விஷயம். எந்த வயது வரை என்பது கடைக்குக் கடை மாறும், பலகையில் எழுதியிருப்பதுதான் அங்கே விதி. அது அனுமதித்தால் நீங்கள் நிறுத்துவதில் தப்பில்லை, யாரும் கேட்கவும் முடியாது. ஆனால் 8 வயதுப் பிள்ளை பூஸ்டர் சீட்டிலிருந்து தானே பெல்ட்டைக் கழற்றி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். அவளோடு மட்டும் போகிற நாளில், இடங்கள் நிறைய காலியாக இருந்தால் நிறுத்துங்கள். ஒன்றோ இரண்டோதான் மிச்சம் என்றால் தள்ளிப் போங்கள், பின்னால் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு யாராவது வருவார்கள்.